டாக்டர் பதில்கள்: ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் (வாசக்டமி)

கே: வாசக்டமி செய்துகொண்டால் ஆண்மை குறைந்துவிடும், மூட்டை தூக்க முடியாது என்கிறார்களே?
- சுமை தூக்கும் தொழிலாளி, சேலம்

ப: இரண்டும் பொய். ஒரு வாரம் மட்டும் மூட்டை தூக்காதீர்கள்.

கே: எனக்கு இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். 'இனி நீ கஷ்டப்பட வேண்டாம், நான் ஆபரேஷன் செய்துக்கிறேன்' என்று கணவரே சொன்னார். 'சம்பாதிக்கிற பிள்ளை உடம்பில் கத்தி படக் கூடாது' என்று மாமியார் அழுகிறார். இப்போது கணவர் வாயே திறப்பதில்லை.
- வாசகி, கரூர்

ப: உங்கள் கணவர் மனம் மாறவில்லை அம்மா, பேச்சுக்குப் பயந்துவிட்டார். மனைவியோடு தனியாக உட்கார்ந்து, 'எனக்கே செய்துவிடுங்க டாக்டர்' என்று தெளிவாகச் சொல்கிறவர், வெளியே இருக்கும் அம்மாவோ மச்சானோ உள்ளே வந்ததும் தரையைப் பார்க்கிறார். என் அறையில் வழக்கமாக நடப்பது இது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 'கருத்தடை பெண்கள் விஷயம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை' என்ற ஆண்கள் சுமார் 35 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் வெறும் 0.3. மனம் இருந்தும் வராதவர்களைத் தடுப்பது 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதுதான்.

'ஆம்பிளைங்க சுபாவமே அப்படி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1960களில் இந்தியாவில் பெண்களைவிட ஆண்களே இந்த ஆபரேஷனை அதிகம் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலையின்போது இலக்கு வைத்து ஆள் பிடித்தார்கள். 1976-77ல் மட்டும் 60 லட்சம் ஆண்களுக்கு மேல். அந்த அராஜகத்துக்குப் பிறகு வாசக்டமி என்றாலே அவமானம் என்றாயிற்று, அரசும் பெண்கள் பக்கம் திரும்பிவிட்டது. இன்று செய்துகொள்கிற சிலரும் வெளியே மூச்சு விடுவதில்லை. அதனால் 'நம்ம தெருவில் யாருமே செய்யலையே' என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், இங்கே அழைத்து வாருங்கள். மரத்துப்போக ஊசி, ஒரு சிறு துளை, தையல் கிடையாது, அரை மணிக்குள் முடிந்துவிடும், பிள்ளை அன்றே வீடு திரும்பலாம் என்று நானே சொல்கிறேன். இரண்டு முறை வயிற்றைக் கிழித்துத் தைத்த மருமகளைத் திரும்பவும் படுக்கவைக்கலாமா என்றும் கேட்கிறேன். தாய்மார்களுக்கு இது புரியும்.

கே: வாசக்டமி செய்துகொள்ள இரண்டு வருடமாக நினைக்கிறேன், நாள் தள்ளிக்கொண்டே போகிறது.
- ஆசிரியர், தஞ்சாவூர்

ப: தேதி, ஆஸ்பத்திரி, கூட வரும் ஆள் மூன்றையும் இன்றே முடிவு செய்யுங்கள் சார். நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை அரசு நடத்தும் இருவார முகாமுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்தால் ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரிடம் பேசிவிட்டு வாருங்கள். அப்படி வருகிறவர்கள் வாசலோடு திரும்புவது அபூர்வம்.

கே: ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். மனைவி கர்ப்பம். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசுகிறார்கள். எனக்கும் சந்தேகமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம்

ப: மூன்று மாதம் ஆணுறை போடச் சொன்னார்களே, போட்டீர்களா? குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் போதும், கரு உண்டாக. தப்பு உங்களுடையது. இன்று இரவே மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள், பேசுகிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மூன்றாம் மாதம் முடிந்ததும் தவறாமல் விந்துப் பரிசோதனைக்குப் போங்கள்.