உங்கள் பங்கு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா?

குடும்பத்தினரோ நண்பர்களோ சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் நம் மாநிலத்தில் ஏராளம். கணக்கு, கூட்டம், கையெழுத்து எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒருவரே கவனிப்பார். மற்றவர்கள் “அவர் பாத்துப்பார்” என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு 40 சதவீதம், தம்பிக்கும் தங்கைக்கும் தலா 30 சதவீதப் பங்கு. சகோதரர்கள் இருவரும் இயக்குநர்கள். ஒருநாள் தங்கை ஆன்லைனில் பார்க்கிறார். அண்ணன் மகன் புதிய இயக்குநர் ஆகியிருக்கிறார். தங்கையின் 30 சதவீதமும் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவரோ எதிலும் கையெழுத்தே போடவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

பங்கு மாற்றம் எப்படி நடக்க வேண்டும்?

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, காகிதப் பங்கை மாற்ற எஸ்.எச்-4 படிவம் தேவை. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத் தீர்வை கட்டி, பங்குச் சான்றிதழுடன் 60 நாளுக்குள் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரம் இல்லாமல் மாற்றத்தைப் பதிவு செய்யக்கூடாது, இது கட்டாயம் என்று பழைய கம்பெனிச் சட்டம் இருந்த காலத்திலேயே, 1976இல், மன்னாலால் கேத்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சிறு நிறுவனம்’ என்ற வகைக்குள் வராத பிரைவேட் கம்பெனி என்றால், பங்கை முதலில் டீமேட் ஆக்கிய பிறகே மாற்ற முடியும்.

இயக்குநர் நியமனம்?

இயக்குநரைப் பொதுவாகப் பங்குதாரர்களின் பொதுக்கூட்டமே நியமிக்க வேண்டும். கம்பெனியின் சங்க விதிகள் இடம் தந்தால், இயக்குநர் குழு ஒருவரைக் கூடுதல் இயக்குநராகச் சேர்க்கலாம். அவர் பதவி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைதான். குழுக் கூட்டத்துக்கு எல்லா இயக்குநர்களுக்கும் பொதுவாக 7 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். குறைந்தது இருவராவது கலந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் தம்பிக்கு நோட்டீஸே வரவில்லை என்றால், அந்தக் கூட்டமே கேள்விக்குரியது.

போர்ட்டலில் ஏறிவிட்டால் முடிந்துபோச்சா?

இல்லை. கம்பெனி தாக்கல் செய்த படிவம் அரசுப் பதிவில் ஏறுவது ஒன்று. அந்தக் கூட்டம் உண்மையில் நடந்ததா, கையெழுத்து உண்மையானதா என்று தீர்ப்பது வேறொன்று. அதைத் தீர்ப்பது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் வேலை. தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு அதன் சென்னை அமர்வு. தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களை சிவில் கோர்ட் விசாரிக்க முடியாது (பிரிவு 430). அங்கே போய் மாதக்கணக்கில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆதாரம் திரட்டுவது எப்படி?

• மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. இணையதளத்தில் இயக்குநர் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். ரூ.100 கட்டினால் ஆண்டறிக்கை, இயக்குநர் நியமனத்துக்கான டி.ஐ.ஆர்-12 உள்ளிட்ட ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். பார்த்ததைத் தேதியுடன் சேமித்து வையுங்கள்.
• உறுப்பினர் பதிவேட்டையும் பொதுக்கூட்ட மினிட்ஸையும் பங்குதாரர் இலவசமாகப் பார்வையிடலாம். குழுக் கூட்ட மினிட்ஸைக் கேட்கும் உரிமை இயக்குநருக்குத்தான். உதாரணத்தில் அது தம்பியின் வேலை.
• எதையும் எழுத்தில், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கேளுங்கள்.

எந்தப் பிரிவில் மனு?

பெயர் தவறாக நீக்கப்பட்டாலோ சேர்க்கப்பட்டாலோ, பதிவேட்டைத் திருத்தக் கோரி 59ஆவது பிரிவில் மனு செய்யலாம். பங்கை வாங்கியவர் பெயரைப் பதிவு செய்ய பிரைவேட் கம்பெனி மறுத்தால், மறுப்பு நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் 58ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்ய வேண்டும். நோட்டீஸே வராவிட்டால், ஆவணங்களைக் கொடுத்த நாளிலிருந்து 60 நாள். பங்குதாரரை ஒடுக்கும் விதத்தில் நிர்வாகம் நடந்தால் 241ஆவது பிரிவு இருக்கிறது. மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் இதில் மனு போடலாம். அதற்குக் குறைவாக இருந்தால் தீர்ப்பாயத்திடம் விலக்கு கேட்கலாம். இடைக்கால உத்தரவும் கோரலாம். நீங்களே வாதாடலாம், அல்லது வழக்கறிஞர், ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி யாரையாவது நியமிக்கலாம். உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம்.

வரும்முன் காக்க

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும். அசல் பங்குச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது எம்.சி.ஏ. தளத்தில் உங்கள் கம்பெனியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். தவறு நடந்த மாதமே தெரிந்தால் கேள்வி கேட்பது எளிது. ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தால், “இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?” என்ற கேள்விக்கு முதலில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.