செத்தது டிஸ்க்தானா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு டிஸ்க் சர்வரில் ஒன்று பழுது என்று செய்தி வந்திருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகியிருக்கிறாய். புதியது தெரியவே இல்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாய். இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்காதே. பக்கத்து டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போட்டுப் பார்க்கட்டுமா என்றும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யவே செய்யாதே. உன் நான்கு டிஸ்க்கும் ரெய்டு 5 முறையில் கட்டப்பட்டவை. ஒன்று போனால் மீதி மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்கும். இரண்டாவதும் போனால் மீட்க வழியில்லை. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்: நான்கு 'யூ' எழுத்து இருந்த இடத்தில் இப்போது மூன்று 'யூ'வும் ஓர் அடிக்கோடும் இருக்கும். அந்த அடிக்கோடு இருக்கும்வரை மற்ற மூன்றின் மேல் கை படக்கூடாது.

முதலில் புதிய டிஸ்க்கைப் பார்ப்போம். அது சுழல்கிறதா? ட்ரேயில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். செருகியதும் வேகமெடுக்கும் சத்தம் கேட்கும். எதுவுமே இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் ட்ரே கடைசி சில மில்லிமீட்டர் உள்ளே போயிருக்காது. வெளியே எடுத்து, நேராக வைத்து, அழுத்திச் செருகு. அப்படியும் அசையவில்லையென்றால் அந்த டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று யோசி. விலை குறைவு என்று யூஎஸ்பி பெட்டியைப் பிரித்து எடுத்ததா? சாட்டா மின் இணைப்பில் 15 ஊசிகள் உண்டு. அதில் மூன்றாவது, பழைய வழக்கப்படி 3.3 வோல்ட்டுக்கானது. 2016இல் வந்த சாட்டா 3.3 வரையறை அந்த ஊசிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது: அதில் மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்க் ஓடும் இடங்களில் தொங்கிப்போன ஒன்றை யாரும் எழுந்து போகாமலே அணைத்து எழுப்ப அது வசதி. வீட்டு பவர் சப்ளை பழைய வழக்கப்படி 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருந்தால், நல்ல டிஸ்க்கும் செத்தது போலக் கிடக்கும். கேப்டான் டேப்பில் ஒரு சிறு துண்டு வெட்டி அந்த ஊசியை மூடினால் எழுந்துவிடும்.

சுழல்கிறது, ஆனால் லினக்ஸுக்குத் தெரியவில்லை என்றால் கெர்னல் லாக்கைத் திற. செருகிய நேரத்தில் 'சாட்டா லிங்க் அப்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த போர்ட்டை போர்டு கவனிக்கவே இல்லை என்று பொருள். பயாஸில் சாட்டா ஏஎச்சிஐ முறையில் இருக்கிறதா பார். பழைய ஐடிஇ முறையில் இந்த வேலை நடக்காது. பல போர்டுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'ஹாட் பிளக்' தனித்தனியாக இருக்கும், அணைத்தே வந்திருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த ஏதாவது அமைப்பைப் போட்டிருந்தாலும் இதே கதைதான். காலி போர்ட்டைக் கெர்னல் உறங்கவிட்டிருக்கும், வந்து சேர்ந்த டிஸ்க்கை அது கவனிக்காது. லிங்க் பவர் கொள்கையை 'மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிவிட்டு, அந்த போர்ட்டுக்குரிய ஹோஸ்ட்டின் 'ஸ்கேன்' கோப்பில் இடைவெளி விட்டு மூன்று சிறு கோடுகளை எழுது. அநேகமாக டிஸ்க் வந்துவிடும். பயாஸைத்தான் மாற்ற வேண்டும் என்றால் சர்வரை முறையாக நிறுத்திவிட்டு மாற்று.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நீ கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் பழைய டிஸ்க். அது செத்துவிட்டது என்று யார் சொன்னது? ரெய்டு சொன்னது. ரெய்டுக்குத் தெரிந்ததெல்லாம், கேட்ட தரவு கேட்ட நேரத்தில் வரவில்லை என்பதுதான். அதை வைத்து டிஸ்க்கைக் குற்றம் சொல்வது, தபால் வரவில்லை என்பதற்காக எழுதியவரே இல்லை என்று முடிவு கட்டுவது போல. டிஸ்க்குக்கும் உன் தரவுக்கும் நடுவில் கேபிள் இருக்கிறது, ட்ரேக்குப் பின்னால் இணைப்புப் பலகை இருக்கிறது, பவர் சப்ளை இருக்கிறது.

பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் படி. ரெய்டில் சேர்க்க வேண்டாம், எதையும் எழுத வேண்டாம், படித்தால் போதும். 5ஆம் எண், பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நாள் நெருங்கிவிட்டது, சந்தேகமில்லை. இவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் உயர்ந்திருந்தால் கதை வேறு. 199, கம்பி வழியே வரும்போது சிதைந்துபோன தரவின் கணக்கு. அது கேபிளையும் இணைப்பையும் காட்டும் விரல். ஒருமுறை ஏறிய எண் இறங்காது. ஆகவே எவ்வளவு என்று பார்ப்பதைவிட, கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. லாக்கிலும் இதற்குச் சாட்சி கிடைக்கும். அந்த போர்ட்டின் வேகம் 6.0 ஜிபிபிஎஸ்ஸில் தொடங்கி 3.0க்கும் பிறகு 1.5க்கும் இறங்கியிருந்தால், கெர்னல் மோசமான கம்பியோடு போராடிப் பார்த்துத் தோற்றிருக்கிறது.

பவர் சப்ளையையும் விட்டுவிடாதே. டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரே கம்பியைப் பிரித்து நான்குக்கும் கொடுத்திருந்தால், புதியதைச் செருகும்போது பக்கத்து டிஸ்க்குகள் தடுமாறும். செருகிய அதே நொடியில் வேறொரு போர்ட்டிலும் 'ரீசெட்' வரி வந்திருக்கிறதா என்று லாக்கில் தேடு. இருந்தால் முதலில் வாங்க வேண்டியது நல்ல பவர் சப்ளை.

பலருக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. சாதாரண மேசைக் கணினி டிஸ்க், படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தையும் தாண்டலாம். லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். பிறகு டிஸ்க்கை ரீசெட் செய்யப் பார்க்கும், அதற்கும் பதில் வராவிட்டால் ரெய்டிலிருந்து தள்ளிவிடும். ஒரு செக்டர் கோளாறுக்கு முழு டிஸ்க்கும் வெளியேறுகிறது. சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுப் பிழை சொல்லிவிடும். ரெய்டு அந்த இடத்தை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். உன் டிஸ்க்கில் அந்த 7 நொடி வரம்பை வைக்க முடிந்தால் வை. பலவற்றில் சர்வரை அணைத்து எழுப்பினால் அது மறந்துபோகும், எழும்போதெல்லாம் தானாக வைக்க ஏற்பாடு செய். முடியாத டிஸ்க் என்றால் லினக்ஸின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்திவிடு.

அடுத்த முறை எந்த டிஸ்க்கை உருவுவது என்பதில் அவசரப்படாதே. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. எழுந்த வரிசையில் ஒட்டிக்கொள்பவை. இன்று எஸ்டிசி, நாளை எஸ்டிடி. மாறாதது சீரியல் எண் மட்டும். அதன் கடைசி நான்கு எழுத்தை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் ஒட்டிவிடு. அதற்கு முன்னால் உறுதி செய்ய வேண்டுமானால், நலமாக உள்ள டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படிக்க வை. எந்த விளக்கு விடாமல் மினுக்குகிறது என்று பார். மினுக்காமல் மிஞ்சுவதுதான் நீ தேடுவது.

உருவுவதற்கும் ஒரு முறை உண்டு. ரெய்டில் அதைப் பழுது என்று குறி, பிறகு ரெய்டிலிருந்து நீக்கு. அதன்பின் கெர்னலிடமிருந்து விடுவி: அந்த டிஸ்க்கின் அடைவில் உள்ள 'டிலீட்' கோப்பில் 1 என்று எழுதினால், மிச்சம் இருப்பதை எழுதி முடித்து டிஸ்க்கை நிறுத்தியதாக லாக்கில் வரி வரும். இதெல்லாம் இல்லாமல் உருவினால் என்ன ஆகும் தெரியுமா? மின்சாரம் அறுந்த நொடியில், சுழலும் தட்டுகளின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, தன் தலையை அவசரமாக ஒதுக்கிக்கொள்ளும் டிஸ்க். பல டிஸ்க்குகளில் 192ஆம் எண் இந்த அவசர ஒதுங்கல்களின் கணக்கு. நீ உருவியதும் அதில் ஏறியிருக்கும். தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றிக்கொண்டிருப்பது. ஆகவே ட்ரேயை ஓர் அங்குலம் மட்டும் இழுத்து, அரை நிமிடம் அப்படியே விட்டு, சுழற்சி நின்ற பிறகே கையில் எடு.

என்னைக் கேட்டால் வீட்டில் ஓடும்போதே மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. காலி இடம் இருந்தால் புதியதைப் பக்கத்திலேயே செருகி, பழையதை எடுக்காமலே 'ரீப்ளேஸ்' செய்யச் சொல்வதுதான் சிறந்த வழி. பழையதில் படிக்க முடிந்ததெல்லாம் நேரே நகலாகும், பாதுகாப்பும் குறையாது.

இவ்வளவு எச்சரிக்கை ஏனென்றால், டிஸ்க்குகள் பெரிதாகிவிட்டன. ரெய்டு 5 என்ற பெயர் 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. அவர்கள் கையில் இருந்த சிறிய டிஸ்க் 100 மெகாபைட். முழுக்கப் படிக்கச் சில நிமிடம் போதும். உன்னுடையது 4 டெராபைட். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் போனாலும் ரீபில்ட், அதாவது புதிய டிஸ்க்கை மீண்டும் நிரப்பும் வேலை, முடிய ஏழு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்க மற்ற மூன்றும் ஒரு பிழையும் இல்லாமல் 12 டெராபைட்டைப் படித்துக் கொடுக்க வேண்டும். பல வீட்டு டிஸ்க்குகளின் விவரத்தாளில் அச்சாகியிருக்கும் பிழை வரம்பே 12.5 டெராபைட்டுக்கு ஒன்று என்றுதான் வரும். நடைமுறையில் அவை அதைவிட நன்றாகவே உழைக்கும், இருந்தாலும் அதை நம்பி இறங்காதே. புதிய டிஸ்க்கின் மாடல் எண்ணையும் பார்த்துக்கொள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருந்தால் ரீபில்ட்டில் படுத்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் அந்த வகை கலந்திருந்தது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையே ஆனது.

இன்று இரவு வேறெதற்கும் முன்னால், திரும்பக் கிடைக்காத படங்களையும் உன் ஆச்சியின் குரல் பதிவுகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடு. மூன்று டிஸ்க்கிலும் அவை இப்போது படிக்கக் கிடைக்கின்றன. பிறகு புதியது எழுகிறதா பார். நடுவில் இன்னொரு டிஸ்க் காணாமல் போய் ரெய்டு நின்றுவிட்டால், இணையத்தில் யார் சொன்னாலும் ரெய்டைப் புதிதாக உருவாக்கும் 'கிரியேட்' கட்டளையைப் போட்டுவிடாதே. எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். பழைய டிஸ்க்கின் 5, 197, 199 மூன்றையும், செருகிய நேரத்துக் கெர்னல் லாக்கையும் எனக்கு அனுப்பு. கேபிள்தான் குற்றவாளி என்று தெரிந்தால் புதிய டிஸ்க்கை உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் மாமா