தோட்டத்துக்குத் திரும்பிய குரு

நாற்பது வயதில் “எதற்காக ஜீவிக்கிறேன்?” என்று கலங்குகிறீரோ? சிறு பிராயத்தில் எந்த வேலையில் சாப்பாட்டையும் மறந்தீர் என்று ஞாபகப்படுத்திப் பாரும்.

மெண்டல் என்பவர் சிலேசிய நாட்டுக் குடியானவர் மகன். தகப்பனாரோடு பழமரங்களைப் பேணி வளர்ந்தவர். அர்ச். அகுஸ்தீன் சபையில் சேர்ந்து, 1847-ல் குருப்பட்டம் பெற்றார். வியாதிக்காரரைச் சந்திக்கப் போனால் கலக்கம் மேலிட்டுத் தாமே நோயில் விழுவார். (பங்குக் குருவுக்கு அது எவ்வளவு வெட்கம் என்று நான் அறிவேன்!) ஆசிரியர் பரீட்சையிலும் இருமுறை தேறவில்லை.

மடத்துத் தோட்டத்திலோ அவர் வேறு மனிதர். 1856 முதல் எட்டு வருஷம் பட்டாணிப் பூக்களில் மகரந்தத்தை மாற்றியிட்டு, ஏறக்குறைய 28,000 செடிகளைச் சலிப்பின்றி ஆராய்ந்தார். நெட்டை, குட்டை, பச்சை, மஞ்சள் என்று எண்ணி எழுதினார். 1866-ல் அச்சான அந்தப் பரம்பரை விதிகளை உலகம் 1900-ல்தான் கண்டுகொண்டது. மெண்டல் மரித்து அப்போது 16 வருஷமாயிற்று.