தாவரத் தொட்டிக்கு எந்த லைட்? விற்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

மீன் தொட்டி வியாபாரத்தில் இலாபம் முதல் விற்பனையில் இல்லை. தொட்டியும் மோட்டரும் ஒரு தடவைதான் விலைபோகும். உணவு, செடி, மருந்து என்று அதே வாடிக்கையாளர் மாதா மாதம் திரும்பி வந்தால்தான் கடை நிற்கும். தொட்டியில் செடி நட்டவர்கள் சிலர் சில மாதங்களில் வராமற்போவதற்கு நான் கண்ட முக்கிய காரணம் லைட். செடி அழுகியிருக்கும், அல்லது கண்ணாடி முழுக்கப் பாசி படிந்திருக்கும். நொந்துபோனவர் தொட்டியையே ஒதுக்கிவிடுவார்.

வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வொட்ஸ்?" என்பதுதான். டியூப் லைட் காலத்தில் வொட்ஸ் கணக்கு ஓரளவு சரியாக இருந்தது. எல்.ஈ.டி. லைட்டுக்கு அது பொருந்தாது. வொட்ஸ் என்பது லைட் எடுக்கும் மின்சாரம். லுமென் என்பது அது தரும் வெளிச்சம். ஒரே 10 வொட்ஸில் ஒன்று 600 லுமெனும் இன்னொன்று 1000 லுமெனும் தரலாம். எனவே, கொள்வனவு செய்யும்போதே பெட்டியில் லுமென் அளவைப் பாருங்கள். அது குறிப்பிடப்படாத சரக்கை நான் எடுப்பதில்லை.

பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு இதுதான். குறைந்த வெளிச்சம் போதுமான செடிகளுக்கு ஒரு லீற்றருக்கு 10 முதல் 20 லுமென். நடுத்தரத்துக்கு 20 முதல் 40. அதற்கு மேல் அதிக வெளிச்சம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி ஏறக்குறைய 55 லீற்றர் கொள்ளும். சாதாரண செடிகளுக்கு 1000 லுமென் தாராளம். தொட்டி ஒன்றரை அடிக்கு மேல் உயரமானால் அடியில் வெளிச்சம் குறையும். சற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து, என்ன செடி என்று கேளுங்கள். எமது நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டி, பெக்கெட்டி போன்றவை ஈரவலயத்தில் மர நிழல் விழும் ஓடைகளில் வளர்பவை. உலகெங்கும் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படும் இவற்றுக்கு மங்கலான வெளிச்சமே போதும். அனுபியாஸ், ஜாவா பேர்ன் ஆகியவையும் அப்படியே. புல்விரிப்புப் போலத் தரையில் படரும் செடிகளுக்கும் கடும் சிவப்பு இலைச் செடிகளுக்கும்தான் அதிக வெளிச்சம் வேண்டும். அவற்றுக்குக் காபனீரொட்சைட்டு வாயுவும் உரமும் கூடவே கொடுக்க வேண்டும். வாயு இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் வளர்வது பாசிதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரிப்டோகொரைனை இடம் மாற்றி நட்டால் இலைகள் கரைந்து போவதுண்டு. அது வெளிச்சக் குறைவினால் அல்ல. வேரைத் தொடாமல் விட்டால் சில கிழமைகளில் புதிய இலை வரும். இது தெரியாதவர் செடியைப் பிடுங்கி எறிவார், அல்லது இன்னும் பெரிய லைட் கேட்பார். அவருக்கு இரண்டாவது லைட்டை விற்றால் அன்றைய கல்லாப் பெட்டி நிறையும். அடுத்த மாதம் அவரைக் காணமாட்டீர்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை 6500 கெல்வின் வெள்ளை செடிக்கும் பொருந்தும், மீனின் நிறத்தையும் இயல்பாகக் காட்டும். கடும் நீல லைட்கள் கடல்நீர்த் தொட்டிக்கானவை. அவற்றைச் செடித் தொட்டிக்குக் கொடுக்க வேண்டாம்.

புதிய தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 மணித்தியாலம், செடி வேரூன்றிய பின் 8 மணித்தியாலம் போதும். ஒரு டைமரையும் சேர்த்து விற்பது உங்களுக்கும் அவருக்கும் நல்லது. தொட்டியை யன்னல் வெயிலில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நீர் படாத பாதுகாப்புள்ள லைட்டையே கொடுங்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழியும் நீர் பிளக்குக்குள் இறங்காது.

மின்கட்டணத்தையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். 18 வொட்ஸ் டியூப் இரண்டு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 8 யுனிட்டைத் தாண்டும். 12 வொட்ஸ் எல்.ஈ.டி. 3 யுனிட்டுக்கும் குறைவு. பழைய டியூப்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வைக்கவும் வேண்டாம். பாதரசம் கலந்த இவ்வகை லைட்களை 2027 அளவில் உற்பத்தியிலிருந்தும் ஏற்றுமதி இறக்குமதியிலிருந்தும் நீக்குவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் தீர்மானித்துள்ளன.

லைட்டை எடுத்துக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தொட்டியின் அளவு என்ன? என்ன செடி? வாயு கொடுக்கிறீர்களா? பதில் கேட்டபின் விலை குறைந்த லைட்டே போதுமென்றால் அதையே கொடுங்கள். செடி தழைத்த தொட்டிக்காரர் உங்கள் கடையைத் தேடி வருவார். நண்பரையும் கூட்டி வருவார்.