நாலும் மாற்றணுமா, ரெண்டு போதுமா?

கேள்வி: 2019 மாடல் டிசையர் வைத்திருக்கிறேன். வீடு திருவொற்றியூர், வேலை எண்ணூரில். 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் டயர் இரண்டிலும் உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகி, ஒன்றில் கம்பியே தெரிகிறது. வெளியே நின்று பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. டயர் கடைக்காரர் நான்கையும் மாற்றச் சொல்கிறார். மெக்கானிக், முன்னால் இரண்டு போதும் என்கிறார். மச்சானோ, புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கம்பி தெரியும் டயரோடு நாளைக்கு வேலைக்குப் போகாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டி ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முன் டயர் இரண்டும் ஒரே அளவாக உள்பக்கம் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு. சக்கரங்கள் நேராக உருளாமல், முன்பக்கம் வெளியே விரிந்தபடி தரையில் இழுபடுகின்றன. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் லோயர் ஆர்ம் புஷ், வளைந்த ஸ்ட்ரட் என்று தேட வேண்டும். கம்பி வெளியே தெரியாத டயரில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிருந்து உள்ளே ஒரு தரம் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் தட்டுப்பட்டால் அலைன்மென்ட்தான், வேறு சந்தேகம் வேண்டாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

நீங்கள் போகும் ரோடு அப்படி. கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும். கார்க்காரர் மிச்சமிருக்கும் இடத்தில் தார் விளிம்பை இறங்கி ஏறி, மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் தெரியாமல் விட்டுப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு இடியும் டை ராடிலும் புஷ்ஷிலும் போய்ச் சேர்கிறது. அதைப் பார்க்காமல் புது டயர் போட்டால், அதுவும் இதே ஓரத்தில் மொட்டையாகும். முதலில் டை ராட் எண்டையும் புஷ்ஷையும் சரிபார்த்து மாற்றுங்கள். பிறகு டயர். பேலன்ஸிங்கும் அலைன்மென்ட்டும் கடைசியில். வேலை முடிந்ததும், முன்னே இருந்த அளவும் இப்போதைய அளவும் போட்ட பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர யோசிக்கிற கடைக்கு நான் இரண்டாம் தடவை போகமாட்டேன்.

இனி, நாலா ரெண்டா? டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் பின் டயர்களும் வண்டியோடு வந்தவை என்றால், பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், பத்தாவது வருஷத்துக்கு மேல் எப்படியிருந்தாலும் ஓட்டக்கூடாது என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெட்டவெளியில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்வேன் நான். பட்டன் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால் கடைக்காரர் சொன்னதே சரி, அவர் வியாபாரத்துக்காகச் சொல்லியிருந்தாலும். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வெடிப்பில்லை, இரண்டுதான் வாங்குவேன் என்றால், புதியவற்றைப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு ஏன் இப்படி என்று மெக்கானிக் சண்டைக்கு வருவார். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே தேயக் கூடாது என்கிறது சட்டம். இடுக்குக்குள் சின்ன ரப்பர் மேடு தெரியும். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் அந்த அளவு. ஐப்பசி மழைக்கு முன்னால் 3 மி.மீ. இல்லாத டயரை மாற்றிவிடுவது என் வழக்கம்.

மச்சானிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்ந்த டயரில் கத்தி போட்டுப் புதிதாக இடுக்கு வெட்டி விற்பதும் உண்டு. அந்தச் சின்ன மேடுகள் அறுபட்டோ காணாமலோ இருந்தால் அதுதான் விஷயம். லாரி மட்டும் ரீசோல் டயரில் ஓடுகிறதே என்பார். லாரி டயரின் உடம்பு அதற்கென்றே செய்தது, கார் டயர் அப்படியல்ல. உங்கள் ஊரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952-இல் இறங்கியதே ரீசோலுக்கான டிரெட் ரப்பரில்தான். டயர் அதற்கு ஒன்பது வருஷம் கழித்து வந்தது.

உங்கள் வண்டியில் 165/80 ஆர்14 85டி என்று இருந்தால் அதே அளவை வாங்குங்கள். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, டி என்பது 190 கி.மீ. வேகம் வரை. இரண்டும் குறையக் கூடாது. பார்வைக்காக 185/70 ஆர்14 போடச் சொல்வார்கள். சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான், தப்பில்லை. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 15 இன்ச் அலாய் மட்டும் வேண்டாம். பள்ளம் நிறைந்த ரோட்டில் உயரமான பக்கச்சுவர்தான் ரிம்மைக் காப்பாற்றும். பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம். பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஒரு டயரில் மட்டும் வாரா வாரம் காற்று இறங்குகிறது. பஞ்சர் கடையில் ஆணியே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, ராயபுரம்

பதில்: ஆணி இருக்காது, துரு இருக்கும். கடல் காற்று போதாதென்று, காசிமேட்டு மீன் வண்டிகள் சிந்தும் உப்புத்தண்ணீர் வேறு. டியூப்லெஸ் டயர் ரிம்மில் ஒட்டி உட்காரும் விளிம்பு அரித்துப்போனால் காற்று அந்த வழியாகக் கசியும். சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முழுசாக அமிழ்த்தச் சொல்லுங்கள். விளிம்பில் பொடிக் குமிழிகள் வரும். டயரைப் பிரித்து, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பெயின்ட் அடித்து மாட்ட வேண்டும். அப்போதே ரப்பர் வால்வையும் மாற்றுங்கள், சொற்பக் காசு.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் தேயாதா?
– வாசகர், எர்ணாவூர்

பதில்: தேயத்தான் செய்யும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம். பதினைந்து நாளுக்கொரு முறை, வண்டி சூடாகும் முன் காலையில் காற்று பாருங்கள். அளவு டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். டயரில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. அதைப் பார்த்துவிட்டு அடிக்கக் கூடாது.

கேள்வி: பள்ளத்தில் இறங்கியதில் டயர் பக்கவாட்டில் புடைத்திருக்கிறது. காற்றைக் குறைத்து ஓட்டலாமா?
– வாசகர், கத்திவாக்கம்

பதில்: கூடாது. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் இன்னும் மடங்கிச் சூடேறும். ஒட்டுப் போடவும் வழியில்லை. இன்றைக்கே மாற்றுங்கள்.