கார்ட்லெஸ் மைக் வாங்கப் போகிறீர்களா?

குடியிருப்போர் சங்கக் கூட்டம், வளைகாப்பு, மார்கழி பஜனை, பள்ளி ஆண்டு விழா... மைக் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வாடகை கொடுப்பதற்குப் பதில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. பேசுவதற்கா, பாடுவதற்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குரலை ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் மைக் பாட்டுக்கு ஆகாது. பாடியது பெரும்பாலும் பத்தில் ஒரு விநாடிக்கும் மேல் தாமதமாகக் கேட்கும், தாளம் தப்பும்.

2. அலைவரிசையைக் கேட்காமல் வாங்காதீர்கள். விலை குறைந்த செட்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. ஆளில்லாத கடையில் நன்றாகக் கேட்ட மைக், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் விட்டு விட்டுக் கேட்கலாம். இன்னொரு வகையான யு.எச்.எஃப். செட்களில், சேனலை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஒரே அலைவரிசையில் நிற்கும் செட்டாக இருந்தால், பக்கத்து மண்டபத்தில் அதே செட் ஓடும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆகவே அலைவரிசையைப் பார்க்காமல் வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குவதில் அவசரம் வேண்டாம். அமெரிக்காவிலேயே 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி செல்போன் சேவைக்குப் போய்விட்டது. 2020 ஜூலைக்குப் பிறகு அங்கே அந்தப் பகுதியில் மைக் இயக்கத் தடை. பழைய செட் தள்ளுபடியில் வந்தால் இதையும் யோசியுங்கள்.

3. ரிசீவரில் இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரட்டை மைக் செட்களில் பல சமயம் மைக்குக்கு ஒன்று என்றுதான் வைத்திருப்பார்கள். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடத்தில் நின்றால் குரல் அறுந்துபோகும். ஒரே மைக்கை இரண்டு ஆன்டெனாவில் வாங்கி, நன்றாக வருவதை எடுத்துக்கொள்வதற்கு ‘ட்ரூ டைவர்சிட்டி’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். காசைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டிய இடம் இதுதான். முதன்முதலாக மேடையேறும் பிள்ளையின் குரல் நடுவில் அறுந்தால், அடுத்த முறை ஏறவே அது தயங்கும்.

4. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் டைனமிக் வகை, கார்டியாய்டு மைக் போதும். 1966-இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இந்த வகைதான், இன்றும் மேடைகளில் இருக்கிறது. இது முன்னால் வரும் குரலை வாங்கும், பின்னால் வருவதைத் தள்ளும். அதனால் ஸ்பீக்கர்கள் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள். பின்பக்க ஒலியை விலக்க உதவும் துளைகள் அந்தத் தலைக்குள்ளேதான் இருக்கின்றன. அதை மூடினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து ‘கூய்ய்’ என்று கத்தும்.

5. கடையில் சோதிக்கும்போது தட்டாதீர்கள், ஊதாதீர்கள். “பப்பாளிப் பழம்” என்று சொல்லிப் பாருங்கள், ‘ப’ வெடிக்கிறதா என்று தெரியும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுங்கள், கடகடவென்று கேட்டால் வேண்டாம். பிறகு ரிசீவருக்கு முதுகைக் காட்டியபடி, மைக்கை மார்போடு வைத்துப் பேசிக்கொண்டே நடங்கள். அலையை உடம்பும் மறைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கைவிட இந்த நடை நம்பகமானது.

6. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடும் மைக் நல்லது. உள்ளேயே பொதிந்த பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்தால் மைக்கே வீணாகும். விழா முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும்.

7. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் எந்த ஜாக் என்று பார்த்துவிட்டுப் போங்கள். ரிசீவரை ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் வைப்பதானால் பி-38 என்னும் தடித்த ஜாக் போதும். நீளக் கேபிள் என்றால் எக்ஸ்.எல்.ஆர். வேண்டும், இரைச்சல் ஏறாது.

8. வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் பேச்சு நீள நீள மைக் இடுப்புக்கு இறங்கிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி சரி. தூரம் இரட்டித்தால் மைக்கில் விழும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்.

9. வலைத் தலை திருகிக் கழற்றும்படி இருக்கட்டும். பலர் வாயருகே போய்வரும் பொருள். கழற்றி, வலையையும் அதன் உள்ளே இருக்கும் பஞ்சையும் சோப்பு நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். ஈரம் இருக்கும்போது மாட்டக் கூடாது.