வானில் கிடைத்த புதிய உயிர்கள்

பால் எப்படித் தயிர் ஆகிறது? கொஞ்சம் மோர் விட்டு உறை ஊற்றுகிறோம். மோரில் உள்ள பாக்டீரியா பாலைத் தயிராக்குகிறது.

பாக்டீரியா மிகச் சிறிய உயிர். கண்ணுக்குத் தெரியாது. மண்ணில், நீரில், நம் உடலில் இருக்கிறது. நன்மை செய்வதும் உண்டு. நோய் தருவதும் உண்டு.

வானத்தில் மிக உயரத்தில் பாக்டீரியா இருக்குமா?

திருப்பதிக்குக் கிழக்கே கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து ராக்கெட் விடும் நிறுவனம் இஸ்ரோ. இந்தக் கேள்விக்கு விடை தேட இஸ்ரோ உதவியது. 2005 ஏப்ரல் மாதம் ஐதராபாத்திலிருந்து ஒரு பெரிய பலூன் மேலே சென்றது. அதில் எஃகுக் குழாய்கள் இருந்தன. அவை கிருமி நீக்கிய குழாய்கள். 20 கிலோமீட்டர் முதல் 41 கிலோமீட்டர் உயரம் வரை அவை காற்றைப் பிடித்தன. திருமலையின் உயரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை!

ஐதராபாத்திலும் புனேயிலும் அந்தக் காற்றை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த உயிர்களுக்கு உணவு கொடுத்து வளர்த்தார்கள். 12 பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்தன. அவற்றில் 9, ஏற்கனவே தெரிந்த வகைகளை ஒத்திருந்தன. 3 மட்டும் புதியவை.

புதியவை என்று எப்படித் தெரிந்தது?

முதலில் வடிவத்தைப் பார்த்தார்கள். எந்த உணவில், எவ்வளவு சூட்டில் வளர்கிறது என்று சோதித்தார்கள். பிறகு மரபுப் பொருளை ஒப்பிட்டார்கள். தாய் தந்தையின் சாயலைப் பிள்ளைக்குத் தருவது மரபுப் பொருள். பாக்டீரியாவிலும் அது உண்டு. தெரிந்த எந்த வகையோடும் பொருந்தாவிட்டால்தான் அது புதிய வகை.

2009ல் மூன்றுக்கும் பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு ஹாய்ல் என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயர். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர். ஒன்றுக்கு நம் பழைய வானியல் அறிஞர் ஆரியபட்டரின் பெயர்.

பாக்டீரியாவின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் குடும்பப் பெயர் போன்றது. மேலும் ஆராய்ந்த பிறகு, இஸ்ரோ, ஆரியபட்டர் பெயர் கொண்ட இரண்டையும் வேறு குடும்பங்களில் சேர்த்தார்கள். புதிய சான்று வந்தால் அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இவை வேறு உலகிலிருந்து வந்தவையா? அதற்கு உறுதியான சான்று இல்லை என்று இஸ்ரோவே சொன்னது.

கிருமியின் வகையை அறிவது நமக்கும் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஏன்? அது காசநோய்க் கிருமியா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து தர முடியும். அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை இலவசம்.

பேசிப் பார்ப்போம்

1. நன்மை செய்யும் பாக்டீரியா ஒன்றைச் சொல்லுங்கள்.
2. ஒரு பாக்டீரியா புதிய வகை என்று எப்படி அறிகிறார்கள்?
3. உங்கள் ஊரில் சளிப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள்?